சென்னையிலிருந்து சாங்கிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்: நீங்களே கணக்குப் போடலாம்

அம்மா முதல் முறை சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அக்கா டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். புறப்பாடு இரவு 11:30, வருகை காலை 6:15. "ஆறே முக்கால் மணி நேரமாடா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கே, நடுவுல சாப்பிடாம எப்படி?" என்றாள். அம்மா அதற்குள் எட்டு இட்லியை மிளகாய்ப் பொடி தடவி வாழையிலையில் கட்டி வைத்துவிட்டார். அவர் உண்மையில் விமானத்தில் இருக்கப்போவது நாலே கால் மணி நேரம்தான். இல்லவே இல்லாத இரண்டரை மணி நேரத்தையும் சேர்த்துத்தான் அக்கா மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் திட்டமிட்டுக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். ஓரிடத்தில் மூன்றரை மணி என்று போட்டிருக்கும், இன்னோரிடத்தில் நாலரை, டிக்கெட்டின் இரண்டு கடிகார நேரங்களைக் கழித்தால் ஏழு மணி நேரம் போலத் தெரியும். இதில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறு ஒரு நேரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். எது எந்த நேரம் என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால், உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். நம் ஆட்கள் அதிகம் போய்வரும் சென்னை–சிங்கப்பூர் வழியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் தூரம்

தாள், பேனா, கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும். கைப்பேசி வரைபடத்தில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மேல் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்துங்கள். இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. சென்னைக்கு 12.99, 80.17 என்று காட்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை அழுத்தினால் 1.36, 103.99. எங்கே அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

இப்போது வடக்கு–தெற்காக எவ்வளவு என்று பாருங்கள். 12.99-இலிருந்து 1.36-ஐக் கழித்தால் 11.63 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை என்பது 111 கிலோமீட்டர். பெருக்கினால் 1,291 கி.மீ. சாங்கி நமக்கு இவ்வளவு தெற்கே இருக்கிறது, கிட்டத்தட்ட பூமத்திய ரேகையை ஒட்டியே.

அடுத்தது கிழக்கு–மேற்கு. 103.99-இலிருந்து 80.17-ஐக் கழித்தால் 23.82 டிகிரி. இதை நேராக 111-ஆல் பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வரும், ஆரஞ்சுச் சுளைகள் காம்புப் பக்கம் குறுகுவதுபோல. அதனால் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டும். பூமத்திய ரேகையில் 111, பத்து டிகிரிக்குள் 110 என்று வைத்துக்கொள்ளலாம், சென்னையின் அட்சரேகையில் 108, இருபது டிகிரியில் 104, முப்பதில் 96. நமக்கு நடு அட்சரேகை ஏழு டிகிரி. ஆக 23.82-ஐ 110-ஆல் பெருக்க, 2,620 கி.மீ.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 1,291-இன் வர்க்கமும் 2,620-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,920 கி.மீ. பூமி உருண்டை என்பதையும் சேர்த்து முறையாகப் போடும் கணக்கிலும் விடை 2,920-ஐ ஒட்டியேதான் வருகிறது. எனக்கு முதல் முறை இது சரியாக வந்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நீங்களும் சென்னை–மதுரை போட்டுப் பாருங்கள். மதுரை விமான நிலையம் 9.83, 78.09. விடை 417 கிலோமீட்டர் பக்கம் வந்தால் கணக்குக் கைவந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தச் சுருக்கவழி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மூவாயிரம் கிலோமீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும். சென்னை–லண்டன் ஹீத்ரோவுக்கு இதே வழியில் போட்டால் 8,690 கி.மீ. பக்கம் வரும். சரியான தூரம் 8,230 கி.மீ. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து போகும், தட்டையான தாளில் போடும் கணக்குக்கு அது தெரியாது. நெடுந்தூரங்களுக்கு இணையக் கணிப்பானையே பயன்படுத்துங்கள். வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எங்காவது 1,577 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அதுவும் இதே 2,920 கிலோமீட்டர்தான்.

பறக்கும் நேரம்

ஜெட் விமானங்கள் மேலே போனபின் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஏர்பஸ் 320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் இதில் கீழ்ப்பக்கம், 350 போன்ற பெரியவை மேல்பக்கம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. அதனால் நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு இது: தூரத்தை 800-ஆல் வகுத்து, அதோடு அரை மணி நேரம் சேர்க்க வேண்டும்.

2,920-ஐ 800-ஆல் வகுத்தால் 3.65. தசமத்தைப் பார்த்து மூன்று மணி 65 நிமிடம் என்று நினைத்துவிடாதீர்கள், இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். 0.65-ஐ 60-ஆல் பெருக்க 39 நிமிடம். ஆக மூன்று மணி 39 நிமிடம், அரை மணி சேர்த்தால் நான்கு மணி ஒன்பது நிமிடம். டிக்கெட்டில் வழக்கமாக நாலே காலிலிருந்து நாலரை வரை போட்டிருப்பார்கள். நம் கணக்கு அதற்கு மிக அருகில் இருக்கிறது.

உள்ளூர்ப் பயணத்துக்கு இந்த வாய்ப்பாடு சில சமயம் ஏமாற்றும். நம் சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானங்களில் இறக்கையில் விசிறி சுற்றும். அவை மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். டிக்கெட்டில் ஏடிஆர் என்று இருந்தால் 800-க்குப் பதில் 450-ஆல் வகுங்கள்.

இதே கடலை ரஜூலா கப்பலில் கடந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சென்னையில் ஏறி, நாகப்பட்டினம், பினாங்கு தொட்டுச் சிங்கப்பூர் போய்ச்சேர ஏறத்தாழ ஒரு வாரம். அந்தக் கதையைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், கிளம்புவதற்கு முன் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னோக்கி நகரத் தொடங்கும் நேரம் அது. வருகை நேரமும் அப்படியே, மறுமுனையில் நிற்குமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். இரண்டுக்கும் இடைப்பட்டதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வானில் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடங்கும். கூடவே தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதல் நேரமும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதனால்தான் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சரியான நேரத்துக்குப் போய்ச்சேர்கிறது.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் புறப்பாடு கிளம்பும் ஊரின் நேரம், வருகை போய்ச்சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:30-க்கும் காலை 6:15-க்கும் இடையில் ஆறே முக்கால் மணி. அதில் இரண்டரையைக் கழித்தால் நாலே கால். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும்: சாங்கியில் இரவு 8:00, சென்னையில் இரவு 9:40 என்று போட்டிருந்தால், ஒரு மணி நாற்பது நிமிடத்தோடு இரண்டரையைச் சேர்க்க நாலு மணி பத்து நிமிடம். கிழக்கே போனால் கழி, மேற்கே வந்தால் கூட்டு என்று அம்மாவின் பாஸ்போர்ட் உறையில் எழுதிவைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம். சென்னைக்கும் சாங்கிக்கும் உள்ள 23.82 டிகிரிக்குச் சூரியனின் கணக்குப்படி 95 நிமிட வித்தியாசம்தான் இருக்க வேண்டும். ஆனால் கடிகாரம் 150 நிமிடம் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது, அதற்கு முன்பே கொஞ்சம் முன்னால்தான் இருந்தது. இதன் விளைவை முதல் நாளே பார்ப்பீர்கள். அங்கே ஆண்டு முழுக்கக் காலை ஏழு மணி வாக்கில்தான் பொழுது விடியும். ஆறே காலுக்கு இறங்கினால் சன்னலுக்கு வெளியே கும்மிருட்டாக இருக்கும். அம்மா, "நடுராத்திரியில் இறக்கிவிட்டுட்டாங்களோ" என்று பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவர் உடம்புக்கு அப்போது இந்திய நேரம் மூன்றே முக்கால், ஒருவகையில் அவர் கேட்டது சரிதான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று கிளம்புவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

காற்று என்ன செய்யும்

ஒரே தூரம், ஒரே விமானம், ஆனால் போக ஒரு நேரம், வர ஒரு நேரம். காரணம் மேல்காற்று. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலமான காற்றோட்டம் இருக்கும். கீழே நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீச, மேலே நேர் எதிராக இது ஓடுகிறது. இதை 1958-இல் ஆய்வாக எழுதி உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். பயணிகள் விமானம் இதற்குக் கீழே 10, 12 கி.மீ. உயரத்தில் பறந்தாலும் அதன் தாக்கம் கொஞ்சம் இருக்கும்.

கணக்கில் பாருங்கள். விமானம் மணிக்கு 840 கி.மீ. போகிறது, எதிர்க்காற்று 50 என்று வைத்தால் தரைக்கு மேல் அதன் வேகம் 790. 2,920 கிலோமீட்டருக்கு மூன்று மணி 42 நிமிடம். அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 890, மூன்று மணி 17 நிமிடம். 25 நிமிட வித்தியாசம். இருக்கைக்கு முன் திரை உள்ள விமானத்தில் போனால், வரைபடப் பக்கத்தில் தரைவேகம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். போகும்போதும் வரும்போதும் அதைக் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், காற்றையே கண்ணால் பார்த்ததுபோல் இருக்கும்.

வான்வழி மூடப்பட்டாலும் இப்படித்தான். 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுவரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது டெல்லியிலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நம் வழியில் பெரும்பகுதி வங்காள விரிகுடாவும் அந்தமான் கடலும்தான் என்பதால் அந்தக் கவலை குறைவு.

வழியில் மாறிப் போனால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,630 கி.மீ. பக்கம். அங்கிருந்து சாங்கி 300-க்குச் சற்றுக் கீழே. கூட்டினால் நேர்வழித் தூரத்தைவிடச் சில கிலோமீட்டர்தான் கூடுகிறது, ஏனென்றால் கோலாலம்பூர் ஏறக்குறைய அதே கோட்டின் மேலேயே இருக்கிறது. கொழும்பு வழியாகப் போனால் மொத்தம் 3,390 கி.மீ., அதாவது 470 கி.மீ. சுற்று. தூரத்தை மட்டும் பார்ப்பவர் கோலாலம்பூர் வழிக்கு நேரமே கூடாது என்று நினைப்பார். ஆனால் அந்த 300 கிலோமீட்டர் துண்டுக்கு மட்டும் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் பக்கம் போட்டிருக்கும். நடுவில் காத்திருப்பு இரண்டு மணியோ ஐந்து மணியோ. நாலே கால் மணிப் பயணம் எட்டு, ஒன்பது மணியாவது இப்படித்தான். காசு மிச்சம் என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டு துண்டும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட முக்கியம். என் சித்தப்பா மகன் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தான். நடுவில் இரண்டரை மணி நேர இடைவெளி, தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம். தனி டிக்கெட் என்பதால் விமானம் மாறும் ஊர்வரைதான் பெட்டி வரும். அங்கே குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, வெளியே வந்து, அடுத்த விமானம் கிளம்பும் முனையத்துக்குப் போய்த் திரும்பப் பெட்டியைப் போட வேண்டும். அவன் மூச்சிரைக்கப் போய் நின்றபோது கவுன்டர் மூடி பத்து நிமிடம் ஆகியிருந்தது. தனி டிக்கெட் என்பதால் இரண்டு நிறுவனங்களுக்கும் பொறுப்பில்லை. அடுத்த டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்கினான், மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்கு போனது. இரவெல்லாம் தூங்காமல் மறுநாள் வேலைக்குப் போய்ச்சேர்ந்தவனின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கோலாலம்பூரில் இரண்டு முனையங்கள் தனித்தனிக் கட்டடங்கள், நடந்து போக முடியாது, நடுவே ரயில் ஓடுகிறது. ஒரே முன்பதிவாக இருந்தால் இரண்டு மணி நேரம் பொதுவாகப் போதும். தனித்தனி டிக்கெட் என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த நாட்டுக்குள் நுழைய விசா விதி என்ன என்பதையும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை

சரி, இப்போது உண்மையில் ஆகும் நேரத்தைக் கூட்டுவோம். இரவு 11:30 விமானம், தாம்பரத்தில் வீடு என்று வையுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 8:30-க்கு விமான நிலைய வாசலில் இருக்க வேண்டும். பெட்டி போடும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே. மாலையில் ஜிஎஸ்டி சாலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, 7:30-க்குக் கிளம்புங்கள். பெட்டி குறைவாக இருந்தால் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி எதிரே போய்விடலாம், நகரத்துக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே வருகிறது.

சிங்கப்பூர் நேரம் 6:15-க்கு விமானம் வந்து நிற்கிறது. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து 7:15-க்கு வெளியே வரலாம். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் வந்துசேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். எம்ஆர்டி ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களில் இருக்கிறது. நான்காம் முனையத்தில் இறங்கினால் முதலில் இணைப்புப் பேருந்து எடுக்க வேண்டும். எக்ஸ்போவில் மாறி லிட்டில் இந்தியா பக்கம் போய்ச்சேர ஏறத்தாழ முக்கால் மணி நேரம். ஆக எட்டு மணி.

மாலை 7:30-இலிருந்து காலை 8:00, பன்னிரண்டரை மணி நேரம். இரண்டரையைக் கழித்தால் பத்து மணி நேரம். நாலே கால் மணி நேர விமானத்துக்கு வாசலிலிருந்து வாசல்வரை பத்து மணி நேரம். சாப்பாட்டையும் மாத்திரையையும் விடுப்பையும் இந்தப் பத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இதனாலேயே தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள் சென்னைக்கு ஓட வேண்டாம் என்று சொல்வேன். திருச்சியிலிருந்து சாங்கிக்கு 2,980 கி.மீ., சென்னையைவிட அறுபது கிலோமீட்டர்தான் கூடுதல், வானத்தில் ஐந்து நிமிடம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சாலையில் ஆறு மணி நேரத்துக்கு மேல், திருச்சிக்கோ ஒன்றரை மணிக்குள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு, 2024 ஜூனிலிருந்து புதிய முனையமும் இயங்குகிறது. டிக்கெட் ஓராயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வயதானவர்களுக்குத் திருச்சியே நல்லது.

அழைத்துப்போக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் வந்து நிற்கும் நேரத்துக்கே போய்க் காத்திருக்க வேண்டாம், முக்கால் மணி கழித்து வாசலில் நின்றால் போதும். ஆனால் அம்மாவோ அப்பாவோ முதல் முறை தனியாக வருகிறார் என்றால் சீக்கிரமே போய்விடுங்கள். கண்ணாடிக் கதவு திறக்கும்போது அவர்கள் முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். என் அம்மா அன்று தள்ளுவண்டியில் பெட்டியும், மேலே பிரிக்காத இட்லிப் பொட்டலமுமாக வெளியே வந்தார். அதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.